பஞ்சும் பலகையும்

மாசிப் பௌர்ணமியில் பொய்கைக்கரைப்பட்டி தெப்பக்குளத்தில் கள்ளழகர் தெப்பம் சுற்றி வருவதைப் பார்த்திருப்பீர்கள். தெப்பம் விழாவுக்கென்று கட்டப்படுவது. பலகைப் படகோ பழுது பார்த்துப் பார்த்தே தலைமுறை தாண்ட வேண்டும்.

அப்படித் தாண்டி வந்த படகு ஒன்று உண்டு. அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் 1836இல் ஹேசல்டன் சீமன் என்பவர் வாத்து வேட்டைக்கென்றே ஒரு சிறு படகு செய்தார். சுமார் 12 அடி நீளம், வெண் சிடார் மரம். மேலே புல்லைப் பரப்பி உள்ளே படுத்துக்கொண்டால் வாத்துகளுக்குத் தெரியாது. நம் நாட்டில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டு வாத்தைச் சுடுவது குற்றம், அதுவே நியாயம். ஆனால் அந்தப் படகின் தச்சு வேலை காக்கப்பட வேண்டியது. அங்கே ஆர்வலர்கள் அவ்வகைப் படகுகளைப் புதுப்பித்து வருகிறார்கள்.

பெரும்பாடு பலகை இடுக்கில்தான். தூத்துக்குடித் தோணிக்கும் அதே பாடு, இடுக்கில் பஞ்சு அடைப்பதைக் கலப்பற்று என்பார்கள். மட்கிய பஞ்சைச் சுரண்டி எடுத்து, புதுத் திரியை உளி வைத்துத் தட்டித் தட்டி இறக்க வேண்டும். நெடுநாள் கரையில் கிடந்த படகென்றால் கவனம்! காய்ந்த பலகை சுருங்கி, இடுக்கு அகலமாகத் தெரியும். அதைப் பார்த்துப் பஞ்சை இறுக்கி அடைத்தால், தண்ணீரில் மரம் ஊதும்போது ஆணி பிடுங்கிக்கொள்ளும், சட்டமும் முறியும். முதலில் பலகையை ஈரத்தில் ஊறவிட்டு, பிறகே உளியை எடுக்க வேண்டும்.