பழனிமலைக் கரடி

திண்டுக்கல் சமவெளியில் நின்று மேற்கே பார்த்தால் தெரிகிற பழனிமலைக் காடுகளில் கரடி வாழ்கிறது. சடைமயிரும் நெஞ்சில் வெளிர்நிறப் பட்டையும் கொண்ட கருங்கரடி. தேன், நாவற்பழம், கொன்றைக்காய் எல்லாம் தின்னும். ஆனால் கறையான் மீதுதான் அதற்குக் கொள்ளை ஆசை. மேல் முன்பற்கள் இரண்டு இல்லாததால், புற்றை நகத்தால் பிளந்து, அந்த இடைவெளி வழியே கறையானை உறிஞ்சும். சத்தம் வெகுதூரம் கேட்கும். குட்டிகளை முதுகில் சுமந்து திரியும்.

2013-இல் அறிவிக்கப்பட்ட கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் இதற்கும் புகலிடம். உலக அளவில் அழியக்கூடிய நிலையில் உள்ள இனம் இது. நம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் புலியோடு முதல் அட்டவணையில் இருக்கிறது. மலையடிவாரத் தோட்டக்காரர்களே, அந்தியிலும் விடியலிலும் தனியே போகாதீர்கள்; பேசிக்கொண்டே நடங்கள். ஆள் அரவம் கேட்டால் கரடி பெரும்பாலும் தானே விலகிவிடும்.