மாமல்லபுரத்துக் கடலடிச் சுவர்களும் பூட்டில்லாத ஆய்விதழும்

கடற்கரைக் கோயிலைப் பார்க்க வருகிறவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. ஏழு கோயில்கள் இருந்தன என்கிறார்களே, மற்ற ஆறும் கடலுக்குள்ளா கிடக்கின்றன? கடல் கொண்ட நகரம் பற்றிய இந்தச் செவிவழிக் கதையை 1788-இலேயே வில்லியம் சேம்பர்ஸ் என்ற ஆங்கிலேயர் அச்சில் ஏற்றிவிட்டார்.

2002 ஏப்ரலில் கோவாவின் தேசியக் கடலியல் நிறுவனத்து ஆய்வாளர்கள், பிரிட்டன் குழு ஒன்றோடு சேர்ந்து இங்கே முக்குளித்தார்கள். கோயிலிலிருந்து 500 முதல் 700 மீட்டர் தள்ளி, 5 முதல் 8 மீட்டர் ஆழத்தில், சுவர்களின் மிச்சம், படிகள் ஏறும் பெரிய மேடை, சிதறிக் கிடந்த செவ்வகக் கற்கள் ஆகியவை தென்பட்டன. எல்லாவற்றின் மேலும் சிப்பியும் கொட்டலசும் அப்பியிருந்தன. பல்லவர் காலத்தவையாக இருக்கலாம், கடலரிப்பில் மூழ்கியிருக்கலாம் என்று அவர்கள் நிதானமாகவே எழுதினார்கள். அந்தக் கட்டுரை 2004 மே மாதம் பெங்களூரின் ‘கரன்ட் சயின்ஸ்’ இதழில் வந்தது.

ஏழு மாதத்தில் சுனாமி. கடல் உள்வாங்கியபோது கோயில் வரிசை தெரிந்தது என்று ஊரெல்லாம் பேச்சு. கரையில் மண் அரித்துச் சில சிற்பங்கள் வெளிப்பட்டதும் பேச்சு இன்னும் பெருகியது. எது உண்மை, எது மிகை என்று பார்க்க நினைத்தவருக்கு முக்குளித்தவர்களின் கட்டுரை இணையத்தில் இலவசமாகவே கிடைத்தது. ‘கரன்ட் சயின்ஸ்’ 1932-இல் தொடங்கிய இதழ். இணையம் வந்ததும் அது வாசகரிடம் காசு கேட்காமல் கதவைத் திறந்து வைத்தது. சுற்றுலா வழிகாட்டியும் பள்ளி ஆசிரியரும் பேராசிரியரும் படிக்க முடிந்தது ஒரே கட்டுரையைத்தான்.

எல்லா ஆய்வுக்கும் இந்த வாய்ப்பு அமைவதில்லை. ஆய்வுக்குப் பணம் தருவது பெரும்பாலும் அரசு. எழுதும் விஞ்ஞானிக்கு இதழ் சம்பளம் தருவதில்லை. கட்டுரையைச் சரிபார்க்கும் சக ஆய்வாளரும் இலவசமாகவே உழைக்கிறார். ஆனால் அச்சேறியதும் பதிப்புரிமை பதிப்பகத்துக்குப் போய்விடுகிறது. அதே கட்டுரையைப் படிக்கப் பல்கலைக்கழகம் சந்தா கட்ட வேண்டும். மக்கள் பணத்தில் பிறந்த அறிவுக்கு மக்களே மறுபடி விலை கொடுப்பது என்னால் ஏற்க முடியாத ஏற்பாடு.

இதற்கு மாற்றுத் தேடியவர்களில் சென்னைக்காரர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. இயற்பியலாளர்கள் 1991-இல் தொடங்கிய ‘ஆர்க்சிவ்’ என்ற இலவச ஆய்வுக்கட்டுரைக் களஞ்சியத்தின் இந்தியப் பிரதியைத் தரமணி கணித அறிவியல் நிறுவனம் நெடுங்காலம் நடத்தியது. தகவல் அறிவியலாளர் சுப்பையா அருணாசலம், 2004-இல் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தில் இதற்கென்றே பயிற்சிப் பட்டறைகள் நடத்தினார். அவர் வற்புறுத்திய வழி எளியது, செலவும் குறைவு: எந்த இதழில் வேண்டுமானாலும் எழுதுங்கள், இறுதிப் பிரதி ஒன்றை உங்கள் நிறுவனத்தின் களஞ்சியத்தில் போட்டு வையுங்கள். மத்திய அறிவியல் துறைகள் இரண்டு 2014 டிசம்பரில் இதையே விதியாக்கின. விதி காகிதத்தில் இருக்கும் அளவுக்கு நடைமுறையில் இல்லை என்பதுதான் வருத்தம்.

பதிப்பகங்கள் வேறு வழி கண்டுகொண்டன. வாசகருக்கு இலவசம், எழுதுகிறவர் கட்டணம் கட்ட வேண்டும். ‘நேச்சர்’ இதழ் 2020-இல் அறிவித்த கட்டணம் 9,500 யூரோ. அன்றைய மதிப்பில் 8 லட்சம் ரூபாய்க்கு மேல். நம் ஊர்க் கல்லூரிப் பேராசிரியர் யார் இதைக் கட்டுவார்? படிக்கும் இடத்தில் இருந்த பூட்டு எழுதும் இடத்துக்கு மாறியிருக்கிறது. குறைந்த காசுக்கு எதையும் அச்சிடும் போலி இதழ்கள் முளைத்ததும் இந்த இடுக்கில்தான். இரண்டு பக்கமும் வசூலிக்காமல் நடத்த முடியும் என்பதற்குக் கோவையிலிருந்து வரும் ‘ஜர்னல் ஆஃப் த்ரெட்டன்ட் டாக்ஸா’ சாட்சி. தவளை, வௌவால், தாவரம் என்று அழியும் உயிர்களைப் பற்றிய ஆய்வுகளை 2009 முதல் அது திறந்தே வெளியிட்டு வருகிறது.

இப்போது மத்திய அரசு ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தை நடத்துகிறது. 2025 முதல் மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். 30 பதிப்பகங்களின் 13,000 அளவிலான இதழ்கள். 6,300-க்கும் மேற்பட்ட அரசுக் கல்வி, ஆய்வு நிறுவனங்கள். செங்கல்பட்டு இராஜேஸ்வரி வேதாசலம் அரசுக் கலைக் கல்லூரி போன்ற இடங்களுக்கு இது பெரிய வரம். பணக்கார நிறுவனங்கள் மட்டும் பார்த்த இதழ்கள் அங்கேயும் எட்டும். ஆனால் ஜி.எஸ்.டி. சாலையிலும் ஓ.எம்.ஆரிலும் வரிசைகட்டி நிற்கும் தனியார் கல்லூரிகளின் மாணவர்கள் முதல் கட்டத்தில் இல்லை. படிப்பை முடித்து வெளியேறியவரும் இல்லை, கோவளத்து மீனவரும் இல்லை. வாங்கப்பட்டது வளாகத்துக்குள் இருப்போருக்கான அனுமதி மட்டுமே.

இந்த ஒப்பந்தம் 2027 முடிய. அடுத்த பேரத்துக்கு உட்காரும்போது அரசு இரண்டைக் கேட்டுப் பெற வேண்டும். இந்திய அரசின் பணத்தில் நடந்த ஆய்வின் இறுதிப் பிரதி, அச்சாகும் நாளிலேயே களஞ்சியத்தில் எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும். அதைப் போடாதவருக்கு அடுத்த நிதி இல்லை என்று சொல்லும் உறுதியும் வேண்டும். இரண்டாவதாக, ஆய்வு எந்த ஊரைப் பற்றியதோ அந்த ஊர் மொழியில் ஒரு பக்கச் சுருக்கமும் உடன் வர வேண்டும். மாமல்லபுரத்துக் கடலடி ஆய்வுக்கே, வெளிவந்து இத்தனை ஆண்டுகள் கழித்தாவது, தேசியக் கடலியல் நிறுவனம் அப்படி ஒரு தமிழ்ப் பக்கம் எழுதித் தரலாம்.