ஏழு கன்னியர் மலையில் ஓர் இரவு

நேயர்களே, ஹட்டனிலிருந்து மஸ்கெலியாவையோ நோட்டன் பிரிட்ஜையோ நோக்கிச் செல்பவர்களுக்குத் தேயிலைச் சரிவுகளுக்கு மேலே அடுக்கடுக்காய் ஒரு மலைத்தொடர் தென்படும். சிகரங்கள் ஏழு. சிங்களத்தில் சப்த கன்யா என்றும், நம் தோட்டத்து மக்கள் வாயில் ஏழு கன்னியர் மலை என்றும் அதற்குப் பெயர். மழைக்காலத்தில் அவற்றுள் இரண்டு மூன்றைக் கண்டாலே பெரிது. மற்றவை முகிலுக்குள் மறைந்திருக்கும். ஆகாயப் பிரயாண வரலாற்றில் இம்மலை இடம்பெற்ற துயரச் சம்பவத்தையும், அதில் சம்பந்தப்பட்ட நிறுவனத்தைப் பற்றியும் இன்று சிறிது கூறுவேன்.

1958ஆம் ஆண்டில் மார்ட்டின் ஸ்க்ரோடர் என்ற ஒல்லாந்தர் தம் பெயரையே வைத்து ஒரு சிறு விமானக் கம்பனியைத் தொடங்கினார். வாடகைக்குப் பறப்பதே அதன் தொழில். நேர அட்டவணைப்படி ஓடும் பெரிய நிறுவனங்கள் கவனியாத வேலைகளை, உல்லாசப் பிரயாணிகளையும் சரக்கையும் ஏற்றிச் செல்வதை, அது மேற்கொண்டு வளர்ந்தது. பிற்காலத்தில் மார்ட்டின்எயர் என உலகம் அறிந்தது இதனையே. ஹஜ்ஜுக் காலத்தில் யாத்திரீகர்களை ஏற்றிச் செல்வதற்கு விமானம் போதாதபோது, பிறநாட்டு நிறுவனங்களும் இத்தகைய கம்பனிகளிடம் விமானத்தை விமானிகளோடு வாடகைக்குப் பெறுவது வழக்கம். 1974இல் இந்தோனேசியாவின் கருடா நிறுவனத்துக்காக மார்ட்டின்எயரின் டிசி-8 விமானம் ஒன்று பறந்ததும் அவ்வாறுதான்.

அவ்வாண்டு டிசம்பர் 4ஆம் திகதி, புதன்கிழமை. கிழக்கு ஜாவாவின் சுரபாயா நகரிலிருந்து ஜித்தாவை நோக்கி அவ்விமானம் புறப்பட்டது. அதில் 182 யாத்திரீகர்களும் 9 பணியாளர்களும் இருந்தனர். எண்ணெய் நிரப்பிக்கொள்ள இடையே கட்டுநாயக்காவில் இறங்க வேண்டும். இரவு 10.15 மணியளவில், இறங்குவதற்குச் சில நிமிடங்களே இருந்தன என விமானிகள் எண்ணியிருந்த வேளையில், தெபர்ட்டன் தோட்டத்துக்கு மேலே ஏழு கன்னியர் மலையில் விமானம் மோதிச் சிதறியது. 191 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. இலங்கை மண்ணில் நிகழ்ந்த விமான விபத்துகளில் இதைப்போல் உயிர்ச்சேதம் விளைத்தது வேறில்லை.

அருகில் இருந்தவர்கள் லயங்களில் உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் குடும்பங்களே. உணவுப் பஞ்சம் தோட்டங்களை வாட்டிய காலம் அது. கோதுமை மாவுக்கே வரிசையில் நின்ற மக்கள் அவர்கள்.

நல்ல நிலையில் இருந்த விமானம் ஏன் மலையில் மோதியது? இதற்கு விடை காண, வரைபடத்தை மனக்கண்ணில் விரித்துக்கொள்ளுங்கள். கிழக்கிலிருந்து வரும் விமானம் முதலில் கிழக்குக் கரையைத் தாண்டும். பின் மத்திய மலைநாடு. அதன் பிறகே மேற்குச் சமவெளியும் கடலோரத்துக் கட்டுநாயக்காவும் வரும். மலைநாட்டின் உச்சியான பீதுருதாலகாலை 8,281 அடி உயரம். விமான நிலையமோ ஏறத்தாழ கடல் மட்டத்திலேயே உள்ளது. ஆகவே எப்போது இறங்கத் தொடங்குவது என்பதே கேள்வி. மலைகளைக் கடந்தாயிற்று என்று தவறாக எண்ணிவிட்டால், சமவெளிக்குரிய உயரத்துக்கு மலைகளின் நடுவிலேயே இறங்கிவிட நேரும்.

நேர்ந்ததும் அதுவே. விமானிகள் தம் இருப்பிடத்தைப் பிழையாகக் கணித்துப் பாதுகாப்பான உயரத்துக்குக் கீழே இறங்கினர் என்று விசாரணை முடிவு செய்தது. அவர்கள் டொப்ளர் கருவியையும் வானிலை ரேடாரையும் நம்பியிருந்தனர். தவறாகப் பொருள்கொள்ள அவை இடமளித்தன என்பதும் அம்முடிவில் அடங்கும். டொப்ளர் கருவி வானொலி அலைகளைக் கீழ்நோக்கி அனுப்பி, அவை திரும்பிவரும் விதத்தைக்கொண்டு விமானத்தின் வேகத்தையும் பக்கவாட்டு விலகலையும் அளக்கும். எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்பதை அந்த அளவைக் கூட்டிக் கூட்டியே அறிகிறோம். கூட்டலில் சிறு பிழை புகுந்தால், கடலுக்கு மேல் மணிக்கணக்காகப் பறக்கையில் அதுவும் வளர்ந்துகொண்டே போகும். ஜெட் விமானம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 8 கடல் மைல் செல்வது. விபத்து நடந்த இடமோ கட்டுநாயக்காவுக்கு 40 கடல் மைல் கிழக்கே. முழு வேகத்தில் அது வெறும் 5 நிமிடப் பயணம்! வானிலை ரேடாரோ முகிலைக் காண்பதற்கென்று அமைந்தது. அதில் தெரியும் நிழல் கரையா, மலையா, மழையா என்று சொல்லவேண்டியது மனிதனே. பகலாய் இருந்திருப்பின் கண் அதைத் திருத்தியிருக்கக்கூடும்.

இதற்கு மூன்று நாள் முன்பு, டிசம்பர் 1ஆம் திகதி, அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் மற்றொரு விமானம் இதேபோல் உயரம் தவறி மலையில் மோதி 92 பேர் மாண்டனர். அமெரிக்க அதிகாரிகள் அதன்பின் தாமதிக்கவில்லை. தரை நெருங்குவதை ஒலியெழுப்பி எச்சரிக்கும் கருவியைப் பெரிய விமானங்கள் ஓராண்டுக்குள் பொருத்தவேண்டும் என விதித்தனர். அப்போதைய கருவி நேர் கீழே மட்டும் பார்த்தது. முன்னே செங்குத்தாய் எழும் மலையை அது உரிய நேரத்தில் அறியாது. உலக நிலப்பரப்பையே நினைவில் கொண்டு முன்கூட்டி எச்சரிக்கும் கருவி 1990களிற்றான் வந்தது. இப்படிப்பட்ட விபத்துகள் குறைந்ததற்கு, விமானிகளின் திறமை கூடியதைவிட இக்கருவியே பெரிய காரணம் என்பது என் எண்ணம்.

மார்ட்டின்எயர் நிறுவனத்துக்கு இன்னொரு பெருவிபத்தும் நேர்ந்தது. 1992 டிசம்பர் 21இல், போர்த்துக்கலின் ஃபாரோ நிலையத்தில், புயலுக்கிடையே இறங்கிய அதன் டிசி-10 தரையில் மோதி உடைந்தது. இருந்த 340 பேரில் 56 பேர் இறந்தனர். கேஎல்எம் நிறுவனத்துக்கு உரிமையான பின், 2011இல் மார்ட்டின்எயர் பிரயாணிகளை ஏற்றிச் செல்வதை நிறுத்திச் சரக்குப் போக்குவரத்தை மட்டும் வைத்துக்கொண்டது.

மஸ்கெலியாப் பக்கம் செல்லும் நேயர்கள் நோட்டன் பிரிட்ஜில் சற்று நின்று பார்க்கலாம். அங்கே அந்த விமானத்தின் சக்கரம் ஒன்று காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கிறது. மலை அதற்கு மேலே நிற்கிறது.