பதிவிறக்கும்போதே பரப்புகிறோம்

2024 ஜூலை கடைசி வாரம். திருவனந்தபுரத்துத் தியேட்டர் ஒன்றில் 'ராயன்' ஓடிக்கொண்டிருந்தது. கூட்டத்தோடு கூட்டமாக உட்கார்ந்து செல்போனில் படத்தைப் பதிவு செய்துகொண்டிருந்ததாக ஒருவரைக் கொச்சி சைபர் போலீசார் பிடித்தார்கள். அவருக்குச் சொந்த ஊர் மதுரை. அந்த ஆண்டு மே மாதம் வந்த 'குருவாயூர் அம்பலநடையில்' என்ற மலையாளப் படம் திருட்டுத்தனமாக இணையத்தில் வெளியானது குறித்துத் தயாரிப்பாளர் சுப்ரியா மேனன் கொடுத்திருந்த புகாரைத் தொடர்ந்துதான் இந்தக் கைது.

தியேட்டர் இருட்டில் தொடங்கும் இந்தச் சங்கிலியின் மறுமுனை பல நேரம் கல்லூரி விடுதியில் இருக்கிறது. ஒரு காலத்தில் எங்கள் மதுரை மீனாட்சி பஜாரில் சி.டி. தேடி அலைந்தோம். இன்று விடுதி வைஃபை இருந்தால் போதும்.

மதுரைக்கு வெளியே ஒரு பொறியியல் கல்லூரி விடுதியில் தங்கிப் படிக்கிறான் என் அக்கா மகன். விடுமுறைக்கு வந்தவன் லேப்டாப்பில் டோரண்ட் ஓடிக்கொண்டிருந்தது. "நான் டவுன்லோடு மட்டும்தான் மாமா பண்றேன். யாருக்கும் குடுக்கல" என்றான். திரையைக் காட்டச் சொன்னேன். இறங்கும் வேகத்துக்குப் பக்கத்திலேயே இன்னொரு எண் துடித்துக்கொண்டிருந்தது. அது ஏறும் வேகம். அவன் அதைக் கவனித்ததே இல்லை.

டோரண்ட் வேலை செய்யும் விதமே அதுதான். ஒரு படத்தைப் பல நூறு துண்டுகளாக்கி, ஆளுக்கொரு துண்டாக வாங்கிக்கொள்கிறது. ஒரு துண்டு நம்மிடம் வந்து சேர்ந்ததுமே, கேட்கிற அடுத்தவருக்கு அதை அனுப்பத் தொடங்கிவிடுகிறது. இறக்குகிறவர் அந்தக் கணத்திலேயே விநியோகஸ்தராகவும் ஆகிவிடுகிறார். அந்தக் கூட்டத்தில் இருக்கும் எவரும் மற்றவர்களின் ஐ.பி. முகவரியைப் பார்க்கலாம். விடுதியில் ஆயிரம் லேப்டாப் இருந்தாலும் வெளியுலகுக்குத் தெரிவது கல்லூரியின் முகவரி. புகார் வந்தால் முதலில் பதில் சொல்ல வேண்டியவர் முதல்வர். எந்த மாணவர், எந்தப் பயனர் பெயரில், எத்தனை மணிக்கு உள்ளே வந்தார் என்பதைக் கல்லூரி சர்வரின் பதிவேடு காட்டிக்கொடுக்கும்.

சட்டம் விளையாட்டல்ல. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு, தெரிந்தே உரிமையை மீறுபவருக்கு 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும் 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. வியாபார லாபத்துக்காகச் செய்யவில்லை என்றால் நீதிமன்றம் காரணம் காட்டித் தண்டனையைக் குறைக்கலாம். ஆனால் இது ஜாமீனில் வெளிவர முடியாத குற்றம் என்று 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. திருட்டு மென்பொருளைத் தெரிந்தே பயன்படுத்துபவருக்கு 63பி என்று தனிப்பிரிவே இருக்கிறது.

என்னைக் கேட்டால், படத்தைவிட ஆபத்து இந்தக் 'கிராக்' மென்பொருளில்தான். நிறுவுவதற்கு முன் ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்வார்கள். வீட்டுக் கதவைத் திறந்துவைத்துவிட்டுத் தூங்கச் சொல்வதும் இதுவும் ஒன்று. 'ஸ்டாப்' என்ற ரேன்சம்வேர் பெரும்பாலும் இப்படித்தான் பரவியது. காலையில் லேப்டாப்பைத் திறந்தால் ஒவ்வொரு கோப்பின் பெயருக்குப் பின்னும் புதிதாக ஒரு வால் ஒட்டியிருக்கும். இறுதியாண்டு புராஜெக்ட், குடும்பப் புகைப்படம், எதுவும் திறக்காது. பணம் கேட்டு ஒரு குறிப்பு மட்டும் கிடக்கும். ஒரு லேப்டாப்போடு போகும் என்றும் சொல்ல முடியாது. 2017 மே மாதம் உலகை உலுக்கிய 'வான்னகிரை' என்ற இன்னொரு ரேன்சம்வேர், விண்டோஸின் கோப்புப் பகிர்வில் இருந்த ஓட்டை வழியாக, யாரும் எதையும் அழுத்தாமலே ஒரு கணினியிலிருந்து அடுத்ததற்குத் தாவியது. ஓர் அறையில் விழுந்த நெருப்பு விடுதி முழுக்கப் பற்ற அதிக நேரம் ஆகாது.

பிள்ளைகளை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பாடப்புத்தகத்தைக்கூட இப்படி இறக்குகிறார்கள் என்றால், அதன் விலை அப்படி. டெல்லிப் பல்கலைக்கழக ஜெராக்ஸ் கடை வழக்கில், பாடம் நடத்துவதற்காக நகல் எடுக்கச் சட்டத்திலேயே இடமிருக்கிறது என்று 2016-இல் டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது. நேர்வழியில் பகிர்வதற்கும் நம் ஊர்ப் பெயரிலேயே முன்மாதிரி இருக்கிறது. 1998 பொங்கலன்று தொடங்கிய 'மதுரைத் திட்டம்', உலகெங்கும் உள்ள தமிழர்கள் தட்டச்சு செய்து கொடுத்த தமிழ் நூல்களை அன்றிலிருந்து இலவசமாகத் தந்துகொண்டிருக்கிறது. நத்தம் சாலையில் 2023 ஜூலை 15 அன்று திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகமும் இருக்கிறது. ஆட்டோகேட் மாணவர்களுக்கு இலவசம். போட்டோஷாப்புக்குப் பதில் ஜிம்ப், ஆபீஸுக்குப் பதில் லிப்ரே ஆபீஸ் இரண்டும் காசில்லாமல் கிடைக்கின்றன.

அக்கா மகனிடம் இதையெல்லாம் சொன்னபோது அவன் சொன்ன பதிலை மறக்க முடியவில்லை. "ஒரிஜினல் சாஃப்ட்வேர் எல்லாம் லேப்ல இருக்கு மாமா. ஆனா அஞ்சு மணிக்குப் பூட்டிருவாங்க. நாங்க புராஜெக்ட் பண்றது ராத்திரிதான்."

கல்லூரி நிர்வாகங்களுக்கு ஒரு வேண்டுகோள். டோரண்டைத் தடுங்கள், தவறில்லை. கூடவே அந்த ஆய்வகத்தை இரவு பத்து மணி வரையாவது திறந்து வையுங்கள்.