முதுமரம் பெயர்ந்தால் ஊர் இழப்பது என்ன?

வீதியை அகலமாக்கும்போது குறுக்கே நிற்கும் பழைய மரத்தை வெட்டாது, வேரோடு பெயர்த்து வேறிடத்தில் நடும் முறை இன்று பல நாடுகளிற் கையாளப்படுகின்றது. மரம் பிழைத்தாற் போதுமென்று பலர் எண்ணுவர். மரம் பிழைப்பது வேறு; அதனால் ஊர் பெற்ற பயன் நிலைப்பது வேறு.

ஜோர்ஜியா நாட்டில் நடந்தது இதற்குச் சான்றாகும். அந்நாட்டின் முன்னாட் பிரதமரும் பெருஞ் செல்வருமான பிட்சினா இவானிஷ்விலி, கிராமங்களில் நின்ற முதுமரங்களை வாங்கித் தமது பூங்காவுக்குக் கொண்டு சென்றார். 2016இல் ஒரு பெருமரம் மிதவையில் நின்றவாறே கருங்கடல் வழியாகச் சென்றது. செக்வெத்திலியிலுள்ள அப்பூங்கா 2020இல் திறக்கப்பட்டது. மரத்தை விற்றோர் பணம் பெற்றனர். ஆயினும், ஒரு மரம் செல்வதற்காக வழியில் நின்ற வேறு மரங்கள் வெட்டப்பட்டன. ஊரவருள்ளும் மனவேற்றுமை உண்டாயிற்று. சலோமே ஜாஷியின் ஆவணப்படம் 2021இல் இதனை உலகறியச் செய்தது.

நம் நாட்டுக் கமக்காரர்க்கும் இதிற் பாடம் உண்டு. கிராண்ட்பாஸைத் தொட்டோடும் களனி கங்கை முதல் வன்னிக் குளங்கள் வரை, நீர்க்கரையில் வளரும் மருத மரம் மண்ணரிப்பைத் தடுக்கின்றது. உலர் வலயத்தின் பழைய குளங்களில், குளக்கட்டுக்கும் வயலுக்கும் இடையே மரஞ்செடிகள் அடர்ந்த நிலம் விடப்பட்டிருந்தது. சிங்களத்தில் இது கட்டகடுவ எனப்படும். கசியும் நீரிலுள்ள உப்பு வயலைச் சேராது குறைப்பது இதன் பயனாகும். மரக்கறித் தோட்டத்து வேலியிலுள்ள பூவரசு தழைப்பசளை தருகின்றது. இப்பயன்கள் யாவும் மரம் நிற்கும் இடத்தைச் சார்ந்தவை. மரத்தோடு வண்டியில் ஏறிச் செல்லமாட்டா.

மேலும், நீரை உறிஞ்சும் மெல்லிய வேர்கள் மேல்மண்ணில், கிளைகளின் எல்லைக்கு அப்பாலும் பரந்துள்ளன. பெயர்க்கும்போது அவற்றுட் பெரும்பகுதி அறுபடுகின்றது. ஆதலால் முதுமரம் இளமரத்தைப் போல் எளிதில் தேறுவதில்லை.

கமக்காரர் கவனிக்க வேண்டியவை:

1. மரத்தை அகற்றும் பேச்சு எழுந்தவுடன், அதனாற் பயன்பெறும் வயல், வாய்க்கால், தோட்டம் எவையெனக் கமக்கார அமைப்பிற் கூடி ஆராய்க. வீதியைச் சற்று விலக்கி அமைக்க இயலுமா எனக் கேட்க.

2. பெயர்த்தல் தவிர்க்க முடியாததாயின், பல மாதங்களுக்கு முன்னரே சுற்றிலும் பகுதி பகுதியாக அகழ்ந்து வேரை அறுத்துப் புதுவேர் விடச் செய்க. மழைக்காலத் தொடக்கத்திற் பெயர்த்து, சில ஆண்டுகளுக்கேனும் கோடையில் நீர் பாய்ச்சுவதற்குப் பொறுப்பாளரை நியமிக்க.

3. மரம் பெயருமுன்னரே, பழைய இடத்தின் அருகில் அவ்வினத்துக் கன்றுகளை நட்டு வேலியிடுக. போன நிழல் திரும்பப் பல்லாண்டு செல்லும். கன்றை இன்றே நடுதல் நன்று.