வளவுக்குள் இருக்கும் மாதிரிப் புத்தகம்

“இந்தப் பூ எங்கை பூக்கிறது பிள்ளை?”

கிளிநொச்சி மாவட்டத்தின் மீள்குடியேற்றக் கிராமம் ஒன்றில், பொதுநோக்கு மண்டபத்தில் நடைபெற்ற தையல் வகுப்பில் ஓர் அம்மா என்னிடம் கேட்ட கேள்வி இது. கொழும்பில் வாங்கி நான் கொண்டுபோயிருந்த பூவேலை மாதிரித் தாள் அவர் கையில் இருந்தது. அதில் இருந்தது ரியூலிப் பூ. ஒல்லாந்து போன்ற குளிர் நாடுகளில் பூக்கும் பூ அது என்று சொன்னேன்.

“அப்ப, நாங்கள் காணாத பூவை எப்பிடித் தைக்கிறது?” என்றார் அவர்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் வீடு திரும்பும் வழியெல்லாம் அந்தக் கேள்வி என்னுடனேயே வந்தது. பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தவள் நான். மக்களிடம் உள்ள அறிவிலிருந்தே அபிவிருத்தி தொடங்க வேண்டும் என்று பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். ஆனால் பெண்களுக்குத் தொழில் பழக்கப் போனபோது என் பைக்குள் இருந்தது அந்நிய நாட்டுப் பூ.

இதில் வருமானப் பிரச்சினையும் உண்டு. ரியூலிப், ரோசாப் பூக்கள் தைத்த மெத்தை உறைகள் இயந்திரத்தில் தைக்கப்பட்டு நகரக் கடைகளில் மலிவாகக் கிடைக்கின்றன. அதே பூவை எமது பெண்கள் நான்கு நாட்கள் குனிந்திருந்து தைத்தால் அந்த உழைப்புக்கு யார் விலை கொடுப்பார்கள்?

அடுத்த வகுப்புக்கு வரும்போது உங்கள் வளவிலிருந்து ஏதாவது ஒன்றைக் கொண்டு வாருங்கள் என்று கேட்டுக்கொண்டேன்.

மண்டபத்துப் பாயில் வந்து சேர்ந்தவை இவை: நித்தியகல்யாணி, செவ்வரத்தை, பூவரசம் இலை, வேப்பங்கொத்து, நுங்கு குடித்த கோம்பை, புலுனியின் இறகு, ஒரு கிடுகுத் துண்டு. மாதங்களாக வகுப்புக்கு வந்தும் ஓரம் மடித்துத் தைப்பதைத் தவிர வேறொன்றும் செய்யாத சகோதரி ஒருவர், ஒரு முருங்கைக் கொத்தை வைத்துவிட்டுப் பின்வரிசையில் போய் இருந்தார்.

பார்ப்பதே முதல் வேலை

நாம் தினமும் காணும் பொருளை உண்மையில் பார்ப்பதில்லை. நித்தியகல்யாணிக்கு எத்தனை இதழ் என்று கேட்டேன். நான்கு என்றார் ஒருவர், ஆறு என்றார் இன்னொருவர். எண்ணிப் பார்த்தபோது ஐந்து. செவ்வரத்தைக்கும் ஐந்து இதழ்தான். ஆனால் அதன் நடுவிலிருந்து நீண்டு நிற்கும் தண்டும் அதன் நுனியில் உள்ள மகரந்தப் பொட்டுகளும் இல்லாவிட்டால் அது செவ்வரத்தையாகத் தெரியாது. எந்த ஓர் அடையாளத்தை விட்டால் அந்தப் பூ அந்தப் பூவாக இருக்காதோ, அதைக் கண்டுபிடியுங்கள். மிகுதிக் கோடுகளைக் குறைத்துவிடலாம்.

படம் கீறத் தெரியாது என்று யாரும் பின்வாங்கத் தேவையில்லை. இலையின் நரம்புகள் தடித்துத் தெரியும் அடிப்பக்கம் மேலே இருக்கும்படி வைத்து, அதன்மேல் மெல்லிய தாளை விரித்து, பென்சிலைச் சாய்த்துப் பிடித்து மெதுவாகத் தேயுங்கள். இலையின் உருவம் தாளில் பதிந்துவிடும். பின்னர் தாளையும் துணியையும் யன்னல் வெளிச்சத்தில் ஒன்றாகப் பிடித்து மெல்லிய கோடாக எடுக்கலாம். கறுப்புக் காபன் தாள் வெள்ளைத் துணியில் கறைபடியச் செய்யும், தவிர்ப்பது நல்லது.

பிள்ளைகளின் பழைய கொப்பி ஒன்றை இதற்கென்று ஒதுக்குங்கள். எந்த மாதம் எது பூத்தது என்று திகதியுடன் எழுதி வையுங்கள். கோடையில் கொன்றை மஞ்சள் சரமாகத் தொங்கும். மாரியில் குளம் நிறைந்து அல்லி மலரும். ஒரு வருடத்தில் அந்தக் கொப்பியே உங்கள் மாதிரிப் புத்தகம்.

எதற்கு எந்தத் தையல்?

கொடிக்கும் காம்புக்கும் காம்புத் தையல். சிறு இதழ்களுக்கும் சிற்றிலைகளுக்கும் லேசி டெய்சி. அகன்ற இலைக்கு மீன்முள்ளுத் தையல். இலை நரம்பின் அமைப்பு அதிலேயே வந்துவிடும். மகரந்தத்துக்கும் விதைக்கும் முடிச்சுத் தையல். நுங்குக் கோம்பையில் ஒரு வட்டமும் அதற்குள் மூன்று கண்களும் இருப்பதைப் பார்த்த பிள்ளை ஒருத்தி அதை மேசை விரிப்பின் நான்கு மூலைகளிலும் தைத்தாள். கிடுகின் பின்னல், விரிப்பின் ஓரமாயிற்று.

நிறத்தையும் வளவே சொல்லித்தரும். பூவரசம்பூ காலையில் இளமஞ்சள்; வாடும்போது செம்மை படர்ந்து ஊதாவாகும். மாந்தளிர் பச்சையல்ல, செம்பு நிறம். நூலை வாங்கப் போகும்போது இலையையும் கையில் கொண்டு செல்லுங்கள். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் நூல் விலை வெகுவாக உயர்ந்தபோது, ஒரு வேலைக்கு மூன்று நிறங்களுக்கு மேல் வேண்டாம் என்று தீர்மானித்தோம். வேலை முன்னரைவிட அழகாகவே அமைந்தது. பூவேலை நூல் ஆறு இழைகள் கொண்டது. காம்புக்கு இரண்டு இழையும் இதழுக்கு மூன்று இழையும் போதும். சிவப்பு நூலைத் தைக்கமுன் நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பாருங்கள். சாயம் போகும் நூல் முழு வேலையையும் கெடுத்துவிடும்.

பெரியவர்களும் வளவைப் பார்த்தவர்களே

இங்கிலாந்தின் புகழ்பெற்ற வடிவமைப்பாளர் வில்லியம் மொரிஸ், தமது தோட்டத்து ஸ்ரோபெரிப் பழங்களைக் களவாகத் தின்ற குருவிகளைப் பார்த்து 1883ஆம் ஆண்டில் ஒரு துணி வடிவத்தை உருவாக்கினார். இன்றும் அது விற்பனையாகிறது. எமது கொய்யாவைக் கொறிக்கும் அணிலும் கிளியும் அந்தக் குருவிகளுக்குக் குறைந்தவையா? எமது நாட்டிலும், பத்திக் கலையில் பெயர்பெற்ற எனா த சில்வா (1922–2015) மாத்தளை அலுவிகாரையில் கிராமத்துப் பெண்களைக் கொண்டு பத்திக், பூவேலை ஆகியவற்றைச் செய்வித்து அவர்களுக்கு வருமானம் தேடிக் கொடுத்தார்.

விற்கும்போது ஒவ்வொரு பொருளுடனும் சிறிய அட்டை ஒன்றை இணையுங்கள். அது என்ன செடி, எங்கள் ஊரில் எப்போது பூக்கும் என்று தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் இரண்டு வரி எழுதுங்கள். விலை போடும்போது துணி, நூலுடன் உங்கள் மணித்தியாலங்களையும் கணக்கிடுங்கள். நாம் பெரும்பாலும் மறந்துவிடுவது அதைத்தான்.

ஒரு முக்கிய விடயம். பூவோ இலையோ தேடி அறியாத காணிகளுக்குள் இறங்க வேண்டாம். வடக்கில் மிதிவெடி அகற்றும் பணி முற்றாக நிறைவடையாத இடங்கள் இன்னும் உண்டு. சொந்த வளவும் நாள்தோறும் நடக்கும் பாதையும் போதும். அதுபோல, பார்ப்பதற்கு யாரையும் வற்புறுத்தவும் கூடாது. எமது வகுப்பில் ஒருவர் பனையைத் தைக்கவே மாட்டேன் என்றார். ஷெல் பட்டுத் தலையிழந்து நின்ற பனைகள்தான் அவர் நினைவில் இருந்தன. அவர் செவ்வரத்தையைத் தைத்தார்.

முருங்கைக் கொத்து

பின்வரிசையில் இருந்த அந்தச் சகோதரியின் கணவர் 2009ஆம் ஆண்டில் காணாமல் ஆக்கப்பட்டவர். 2010ஆம் ஆண்டில் இரண்டு பிள்ளைகளுடன் முகாமிலிருந்து திரும்பியபோது வளவில் கிணறும் ஒரு சுவரும் மட்டுமே மிஞ்சியிருந்தன. அயல்வீட்டுக்காரர் கொடுத்த ஒரு முருங்கைக் கதியாலைத்தான் அவர் முதன்முதலில் நட்டார். அடுத்த வருடமே அது காய்த்தது. கறிக்கு வழியில்லாத நாட்களில் அதன் இலையே பிள்ளைகளுக்குச் சுண்டலாயிற்று.

அந்தக் கொத்தைத் தைக்க அவருக்கு மூன்று கிழமை எடுத்தது. ஒவ்வொரு சிற்றிலையும் ஒரு லேசி டெய்சி.

“எண்ணித்தான் தைச்சனான் பிள்ளை. ஒண்டும் குறையேல்லை” என்றார். அத்தனை மாதங்களில் அவர் என்னுடன் பேசிய முதலாவது நீண்ட பேச்சு அது.

கண்காட்சிக்கு அனுப்பலாம், நல்ல விலை போகும் என்றேன். வாழ்வாதார உத்தியோகத்தரின் வாய் அப்படித்தான் பேசும். அவர் துணியை மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

“இதை விக்க மாட்டன். வேறை ஒண்டு தைச்சுத் தாறன்.”

தந்தார். அது விற்பனையாயிற்று, அதன்பின் மேலும் பல. முதலாவது துணி அவருடைய வீட்டுச் சுவரில், பிள்ளைகளின் பாடசாலைச் சான்றிதழ்களுக்குப் பக்கத்தில் தொங்குகிறது.

சகோதரிகளே, நாளை காலை முற்றம் கூட்டும்போது ஓர் இலையை மட்டும் எடுத்து வையுங்கள். தேநீர் குடித்து முடியும்வரை அதைப் பாருங்கள். ஊசியை அதன்பின் எடுக்கலாம்.