கூடி நடத்தலும் விழாக் காண்டலும்

வழிநடத்தலை வெறும் பொழுதுபோக்காகக் கருதுவது தமிழ் மரபன்று. பரிசில் பெற்று மீளும் கலைஞர், எதிர்ப்படும் கலைஞருக்கு வழிகூறுவதையே 'ஆற்றுப்படை' என்னும் இலக்கிய வகையாக நம் முன்னோர் அமைத்தனர். 583 அடிகளையுடைய மலைபடுகடாம், நன்னனை நாடிச் செல்லும் கூத்தர் கூட்டத்திற்கு மலைவழி காட்டுகிறது. அருவியின் அழகை மட்டுமன்று, வழுக்கும் பாறையையும், பாம்பு உறையும் இடத்தையும், தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கல்லையும் அது முன்கூட்டியே எச்சரிக்கிறது. எவ்விடத்தில் எத்தகைய விருந்து கிட்டும் என்பதையும் கூறுகிறது. கூடி நடத்தலும், பிறர் வாழ்வைக் கண்டறிதலும், விருந்தினராய் ஒழுகுதலும் அங்கே ஒன்றாக அமைந்துள்ளன.

இவ்வியல்பு தமிழர்க்கு மட்டும் உரியதன்று. சீன நாட்டில் ஏப்ரல் மாதத் தொடக்கத்தில் வரும் 'சிங்மிங்' நாளன்று மக்கள் முன்னோர் கல்லறைகளைத் துப்புரவு செய்தபின் பசும்புல் வெளிகளில் கூடி உலாவுவர். அவர்தம் ஒன்பதாம் திங்கள் ஒன்பதாம் நாளாகிய 'சோங்யாங்' விழாவன்று குடும்பத்துடன் குன்றேறுவர். இன்றும் அந்நாட்டு நகரத்தார் வார விடுமுறைகளில் குழுக்களாக மலையேறுகின்றனர். தொலைவிலுள்ள சிற்றூர் விழாக்களைக் காணச் செல்கின்றனர்.

நம் குமரி மாவட்டத்திலோ மலையும் விழாவும் அருகருகே உள்ளன. மார்த்தாண்டத்தை அடுத்த சிதறால் மலை முற்காலத்தில் திருச்சாரணத்துமலை எனப்பட்டது. அங்குள்ள பாறைச் சிற்பங்கள் தீர்த்தங்கரரைக் காட்டுகின்றன. ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணன் காலத்துக் கல்வெட்டொன்று, குணந்தாங்கிக் குரத்தி என்பார் அளித்த கொடையைக் குறிக்கிறது. குரவர் என்பதன் பெண்பாலே குரத்தி. சமணப் பெண் துறவியைக் குறிக்கும் சொல். சிலப்பதிகாரத்துக் கவுந்தியடிகளைப் பாடத்தில் பயிலும் மாணவர், அத்தகைய துறவியர் வாழ்ந்த குன்றின்மீது நிற்கும்போது காப்பியம் கண்ணெதிரே விரியும். மேற்குத்தொடர்ச்சி மலையின் தென்கோடியில் நிற்கும் மருந்துவாழ்மலையும் இவ்வாறே. அனுமன் தூக்கிச் சென்ற மலையின் ஒரு துண்டு அது என்னும் பழங்கதையும், நாராயணகுரு தவமிருந்த குகையும் அம்மலைக்குப் பெருமை சேர்க்கின்றன.

கூடி நடத்தலே வழிபாடாகிய விழாவும் இங்கு உண்டு. மாசித் திங்கள் சிவராத்திரியை ஒட்டி நிகழும் சிவாலய ஓட்டத்தில், அடியார்கள் முஞ்சிறைத் திருமலையில் தொடங்கித் திருநட்டாலம் வரை பன்னிரு சிவாலயங்களைக் காண்கின்றனர். எண்பது கிலோமீட்டருக்கும் மிகுந்த வழி அது. கையில் விசிறி ஏந்திச் சிவன் கோயில்களுக்கு ஓடுவோர் எழுப்பும் முழக்கம் 'கோவிந்தா, கோபாலா' என்பதாகும். பீமனையும் புருடாமிருகத்தையும் பற்றிய கதை இதற்குக் காரணமாகக் கூறப்படுகிறது. வழிநெடுக ஊரார் மோரும் கஞ்சியும் சுக்குநீரும் வழங்குவர். ஓடுபவர் இன்னார் என்று வினவாமலே நீர் வார்க்கும் அக்கைகளும் விழாவின் பகுதியே ஆகும்.

தக்கலையில் ரஜப் மாதத்தில் ஞானமாமேதை பீருமுகம்மது அப்பாவின் ஆண்டுவிழா நிகழ்கிறது. அவ்விழாவின்போது அவர் இயற்றிய ஞானப்புகழ்ச்சி இரவு முழுதும் கூட்டமாக ஓதப்படுகிறது. ஏட்டிலிருந்த ஒரு தமிழ்நூல் மக்கள் நாவில் வாழ்வதைக் காண விழையும் இலக்கிய மாணவர் அங்கே செல்லுதல் தகும். கோட்டாற்றில் தூய சவேரியார் பேராலயத் திருவிழா பத்து நாள் நடந்து டிசம்பர் 3ஆம் நாள் நிறைவுறும். 1552ஆம் ஆண்டு அவர் மறைந்த நாள் அது.

இம்மூன்று விழாக்களும் மூவகைக் காலக்கணக்கைக் காட்டுவன. கோட்டாற்று விழா கதிரவன் ஆண்டைப் பின்பற்றுவதால் நாள் மாறாது. சிவராத்திரி தேய்பிறைச் சதுர்த்தசியில் வருவதால் சில வாரங்களுக்குள் முன்பின்னாகும். பிறையாண்டு ஏறத்தாழ 354 நாளே ஆதலின், ரஜப் ஆண்டுதோறும் பதினொரு நாள் அளவு முன்னே வந்து எல்லாப் பருவங்களையும் சுற்றிவரும். பயணத் திட்டம் வகுப்போர் இதனை அறிதல் வேண்டும்.

இப்பயணங்கள் நமக்கு ஏன் இன்றியமையாதன? 1982ஆம் ஆண்டு மண்டைக்காட்டுத் திருவிழாக் காலத்தில் மூண்ட கலவரத்தில் உயிர்கள் பலியாயின. அண்டை வீட்டார் அயலாராயினர். அதற்குப் பல காரணங்கள் கூறப்படலாம். ஆயினும் ஒருவர் விழாவை மற்றவர் தொலைவிலிருந்து ஒலிபெருக்கியின் வாயிலாக மட்டுமே அறியும் நாட்டில் வதந்தி எளிதில் நம்பப்படும் என்பது தெளிவு. அவர் முற்றத்தில் அமர்ந்து மோர் பருகியவனிடம் அவ்வதந்தி அத்துணை எளிதாகச் செல்லாது.

ஆதலின் மாணவர்கள் திங்களுக்கு ஒரு சனிக்கிழமையேனும் ஆசிரியர் துணையுடன் ஒரு குன்றையோ ஒரு விழாவையோ நாடிச் செல்வார்களாக. கூட்டத்தில் மெல்ல நடப்பவரின் நடையே அனைவரின் நடையாகட்டும். வெயிலுக்கு முன் ஏறி, இருளுக்கு முன் இறங்குதல் நன்று. கொண்டுசென்ற குப்பையை மலையில் விடலாகாது. வழிபாட்டிடங்களில் அவ்விடத்து ஒழுங்கை முன்னரே கேட்டறிந்து, புகக்கூடாத இடத்தில் புகாது நிற்பதே விருந்தினர் பண்பு. தம் சமயத்தில் உறுதியாக நிற்பவர் பிறர் விழாவைக் காண்பதால் எதனையும் இழப்பதில்லை. மீண்டு வந்தபின், தாம் கண்ட வழியை அடுத்து வருவோர்க்கு எழுதிவைப்பார்களாயின், அதுவே இக்காலத்து ஆற்றுப்படையாகும்.